ஆறாம் ஓடை என்றே எழுதியிருக்கலாம்

ஜூலை 2

அக்கா,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் ஆய்வுக்கூடத்தில் அடுப்பு இல்லையென்றால் தண்ணீரில் ஊறவையுங்கள். இந்த மை கரையும், இன்று சோதித்துப் பார்த்துவிட்டேன். உங்கள் பேராசிரியர் பார்க்கக் கூடாது, ரேஞ்சர் பார்க்கக் கூடாது. என் அப்பா கண்ணில் மட்டும் பட்டுவிடவே கூடாது. நான் உங்களுக்கு எழுதுவது தெரிந்தால் அவர் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

சாமான் அறையில், மழைக்கோட்டுகளுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். காலி டிரம்மின் மேல் பலகை போட்டிருக்கிறேன். வெளிச்சத்துக்கு நீங்கள் கொடுத்த சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச். தவளைக்குக் கண் கூசாது என்று சொன்னீர்களே, அம்மாவுக்கும் கூசாது போலிருக்கிறது. அடுத்த அறையில் குறட்டை கேட்கிறது.

நீங்கள் ஜூன் 9 காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினீர்கள். மூன்றாம் நாள் அப்பாவை சஸ்பெண்ட் செய்தார்கள். அரிய உயிரினம் வாழும் இடத்தை வெளியாட்களுக்குத் தெரிவித்ததாகச் சந்தேகம் என்று தாளில் இருந்தது. ஆகஸ்ட் 6 காலை பத்து மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் இந்தக் குவார்ட்டர்ஸும் போகும்.

இருபத்திரண்டு வருடம் இந்தத் தேசியப் பூங்காவில் வனக்காவலராக நடந்த மனிதர், இப்போது காலையில் எழுந்து வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறார். போட்டுக்கொண்டு போக இடம் இல்லாத பூட்ஸ். "அதுல முகம் பாத்து சவரமே பண்ணிக்கலாம், விடுங்க," என்று அம்மா சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. அம்மா நாற்றங்காலில் மண் பை நிரப்பும் இடத்தில் மற்றவர்கள் தள்ளி உட்காருகிறார்களாம். ஜீப் டிரைவர் அப்பாவைப் பார்த்தால் "என்ன தவளை வியாபாரி" என்கிறார். முன்பு அவரேதான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட வருவார்.

அப்பா யாரிடமும் சொல்லவில்லை அக்கா. எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. சும்மாதான் கேட்கிறேன். மே மாத அறிக்கைக்கு நீங்கள் காய்ச்சலோடு கிறுக்கி அனுப்பிய குறிப்பில், கதவுதட்டித் தவளை இருக்கும் இடம் ஆறாம் ஓடை என்று இருந்தது. அது காய்ச்சலில் வந்த தப்புதானே?

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். பள்ளி நூலகத்துக்கு அனுப்புங்கள். நூலக டீச்சர் கேள்வி கேட்க மாட்டார்.

அச்சு
(என்னை இப்படிக் கூப்பிட இப்போது உங்களுக்கு விருப்பமா என்று தெரியவில்லை. அச்சடித்த மாதிரி எழுதுகிறாய் என்று நீங்கள் வைத்த பெயர்தான்.)

---

ஜூலை 9

அச்சு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. கையில் கிடைத்த தாளைக் கிழிக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். உன் அப்பா சொல்லி எழுதுகிறாயா? அப்படியென்றால், பெண்ணை விட்டுத் தூது அனுப்புவது அவருக்கு அழகில்லை என்று சொல்.

அப்படி இல்லையென்றால், நடந்ததை நீயும் தெரிந்துகொள்ள வேண்டிய வயதுதான். அறுபது வருடமாக யாரும் பார்க்காத தவளை அது. அழிந்துவிட்டது என்று புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழையில் நானும் உன் அப்பாவும் ஒரு மரத்தடியில் ஒதுங்கினோம். உள்ளேயிருந்து தட்டும் சத்தம். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. "உள்ள யாரோ இருக்காங்க மேடம்," என்றார் உன் அப்பா. மரப்பட்டையில் விரல் மடக்கி அவரும் அதேபோல் தட்டினார். பதில் வந்தது. கதவுதட்டி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

ஒரே மரம். ஒரே பொந்து. பொந்துக்குள் தேங்கிய மழைத் தண்ணீரில் முட்டை. ஆண் தவளை அந்த முட்டைகளை விட்டு நகராது. பட்டினி கிடந்தாவது ஈரம் காக்கும். மொத்தம் இருபத்து மூன்று பெரிய தவளைகள் என்று எண்ணி வைத்திருந்தோம். உலகத்தில் வேறு எங்கும் இருப்பதாக யாருக்கும் தெரியாது.

ஜூன் 8 அன்று நாங்கள் போனபோது பொந்தின் பக்கவாட்டில் ரம்பத்தால் சன்னல் மாதிரி அறுத்திருந்தது. ஒரு தவளை இல்லை. அந்த மரத்தில் மட்டும் நாற்பது வகைப் பாசியும் ஒரு இருவாச்சிப் பறவை ஜோடியின் கூடும் இருந்தன. பாசியைச் சுரண்டி எறிந்துவிட்டு வேலை பார்த்திருக்கிறார்கள். வழியில் வேறு எந்த மரத்திலும் கை வைக்கவில்லை. தேடி அலைந்த தடமே இல்லை. வந்தவர்கள் நேராக வந்திருக்கிறார்கள். இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் சொல்லவில்லை. மீதி யார் என்று நீயே கணக்குப் போடு.

அடியில் மிஞ்சிய சேற்றுத் தண்ணீரில் ஏழு தலைப்பிரட்டைகள் கிடந்தன. உன் அப்பா தன் தண்ணீர் பாட்டிலில் அள்ளி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. இங்கே வந்த பிறகு இரண்டு செத்துவிட்டன.

உன் கேள்விக்குப் பதில்: அது தப்பில்லை. வேண்டுமென்றே எழுதியது. அரிய உயிர் இருக்கும் இடத்தை வெளியே போகும் தாளில் மாற்றித்தான் எழுதுவோம். என் தொழிலில் அது கட்டாயம். அலுவலகத்துக்குப் போகும் ஒவ்வொரு அறிக்கையிலும் அந்த ஒரு வரியை நானே ஆறாம் ஓடை, கரும்பட்டை மரம் என்று நிரப்பினேன். உன் அப்பாவுக்கும் இது தெரியும்.

ஏன் கேட்கிறாய்?

விசாரணைக்கு என் வாக்குமூலத்தை ஜூலை 30க்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

---

ஜூலை 13

அக்கா,

நீங்கள் இந்த முறை கடைசியில் பெயர் போடவில்லை. முன்பெல்லாம் எனக்குச் சீட்டு எழுதினால் தவளைக்கார அக்கா என்று போடுவீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து வகுப்பிலேயே படித்தேன். "வேண்டுமென்றே" என்ற சொல் வந்ததும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் இடித்தாள்.

இடம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இல்லை அக்கா. மூன்று பேர்.

பிப்ரவரியில் என் பிறந்தநாளுக்கு, ஒரே ஒரு தடவை என்று சொல்லி அப்பாவும் நீங்களும் என்னை அழைத்துப் போனீர்கள். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணி உறை மாட்டிவிட்டீர்கள். பொந்துக்குள் பார்த்ததும் நான் கத்திவிடுவேன் என்று என் வாயில் கை வைத்து மூடினீர்கள். உங்கள் கையில் மருந்து வாசம் அடித்தது. என் கட்டைவிரல் அளவு தவளை, பாசி நிறம், முட்டைகளின் மேல் காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒன்பதாம் ஓடை, மூன்றாம் வளைவு, இரண்டு பாறைகளுக்கு நடுவில் செம்பட்டை மரம். எனக்குப் பள்ளிக்குப் போகும் வழியை விட அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உங்கள் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால் மாத அறிக்கையை நான்தான் நல்ல தாளில் எடுத்து எழுதுவேன். மலை அணில் எத்தனை, மரநாய் தடம் எங்கே, எந்தக் கேமராவில் எது விழுந்தது என்று எல்லாம் எழுதுவேன். கதவுதட்டி இருக்கும் இடம் என்ற வரி வந்தால் மட்டும் தாளை உங்கள் பக்கம் இழுத்து நீங்களே எழுதுவீர்கள், கையால் மறைத்தபடி. என் எழுத்துப்பிழைக்குப் பயந்துதான் என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

மே மாதம் உங்களுக்குக் காய்ச்சல். குறிப்பை அப்பா பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவந்தார். முதல் தடவையாக அந்த வரி என் கைக்கு வந்தது. ஆறாம் ஓடை, கரும்பட்டை மரம் என்று இருந்தது. ஐயோ, அக்கா காய்ச்சலில் தப்பாக எழுதிவிட்டார், அலுவலகத்தில் திட்டு வாங்குவாரே என்று நினைத்தேன்.

திருத்திவிட்டேன்.

ஒன்பதாம் ஓடை, மூன்றாம் வளைவு, செம்பட்டை மரம் என்று எழுதினேன். ஓரத்தில் சின்னதாக ஒரு வரைபடமும் போட்டேன். பாறைகளுக்கு நிழல் கூடத் தீட்டினேன். நீங்கள் எழுந்து வந்து பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

அப்பா தாளை வாங்கிப் படிக்கக் கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்," என்று உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

அலுவலக கிளார்க் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு டைப் வேற அடிக்கணுமா," என்று அப்படியே பாஸ் வாங்கும் சன்னலுக்குப் பக்கத்துப் பலகையில் குத்திவிட்டார். நாலு மூலையிலும் ஊசி. உள்ளே வரும் ஒவ்வொருவரும் அதன் முன்னால்தான் வரிசையில் நிற்பார்கள். பதினொரு நாள் இருந்தது. அலுவலகத்தில் யாரும் அதைப் படிக்கவில்லை, அழகாக இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். நானும் பள்ளி விட்டு வரும்போது தினமும் நின்று பார்த்தேன்.

ஜூன் 8 மாலை செய்தி கேட்டதும் அங்கே ஓடினேன். ஏன் ஓடினேன் என்று அப்போது சரியாகப் புரியவில்லை, கால் ஓடியது. தாள் இல்லை. ஊசிகள் மட்டும் இருந்தன. யார் எடுத்தார்கள் என்று தெரியாமல்தான் நான் தூங்குவதில்லை.

அப்பா மேல் கோபப்படாதீர்கள். என் மேல் படுங்கள். ஆனால் யாரிடமும் சொல்லாதீர்கள்.

---

ஜூலை 24

அச்சு,

இது நான்காவது தடவை எழுதுகிறேன். முதல் மூன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். நான்காவதில் திட்ட வேண்டிய ஆள் வேறு என்று தெரிந்தது.

அந்த வரியை நான் மறைத்து மறைத்து எழுதினேனே, ஏன் என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. இடம் தெரியாத ஊரிடமிருந்தெல்லாம் அதை ஒளித்தேன். இடம் தெரிந்த ஒரே குழந்தையிடம், இதை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. சின்னப் பெண்தானே என்று இருந்துவிட்டேன். சின்னப் பெண் என்று நினைத்திருந்தால் அறிக்கையை எழுதக் கொடுத்திருக்கக் கூடாது.

பலகையில் தாள் பதினொரு நாள் இருந்தது என்கிறாய். அந்தப் பதினொரு நாளில் காய்ச்சல் தெளிந்து நானே இரண்டு தடவை அந்த சன்னலுக்குப் போயிருக்கிறேன். உன் எழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்து, பரவாயில்லையே, மரியாதை கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கிட்டப் போய்ப் படிக்கவில்லை.

அன்றைக்கு மரத்தடியில் நடந்ததை உன் அப்பா வீட்டில் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். தகவல் கேட்டு வந்த ரேஞ்சரும் ஜீப் டிரைவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அவரிடம், "உங்கள நம்பினது என் தப்பு," என்று சொன்னேன். மூன்று வருடம் எனக்கு முன்னால் நடந்து, பாம்பு இருக்கிறதா என்று கம்பால் தட்டித் தட்டி வழி விட்ட மனிதரிடம். நான் ஜீப்பில் ஏறும்போது அவர், "பாட்டில மூடிடாதீங்க மேடம், அதுக்குக் காத்து வேணும்," என்றார். அவ்வளவுதான்.

யாரையாவது கோபித்துக்கொள்ள வேண்டியிருந்தது எனக்கு. பக்கத்தில் அவர் நின்றார்.

இப்போது என் வாக்குமூலத்தை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாளைப் பற்றிச் சொன்னால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். ஆனால் உன் அப்பாவிடம் நீ முதலில் சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தலைப்பிரட்டைகள் மூன்று இருக்கின்றன. தாய்த் தவளை திரும்பி வந்து அவற்றுக்கென்று கருவுறாத முட்டை இட்டுத் தின்னக் கொடுக்குமாம், நானே எழுதிய கட்டுரையில் இருக்கிறது. நான் முட்டை மஞ்சளை ஊசி முனையில் வைத்துக் கொடுக்கிறேன். தின்கின்றன, ஆனால் என்னைப் பிடித்துப்போய்த் தின்பதாகத் தோன்றவில்லை.

தவளைக்கார அக்கா

---

ஜூலை 28

அக்கா,

வேண்டாம். சொல்லாதீர்கள்.

நான் சொல்லப் பார்த்தேன். சனிக்கிழமை அப்பா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அம்மாவின் துணியையும் அவரே துவைக்கிறார். "அப்பா," என்றேன். "என்னம்மா," என்றார். அவர் கையில் சோப்பு நுரை, முகத்தில் இரண்டு நாள் தாடி, அதில் வெள்ளை. "சோப்பு கம்மியா இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் எழுதினால் என்ன கேட்பார்கள் தெரியுமா? அரசாங்கத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையை விட்டு எழுதச் சொன்னது யார் என்று கேட்பார்கள். அதுவும் அப்பா தலையில்தான் விழும். அம்மா வேலையும் போகும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன கடிதத்தில் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தேன், பேனா போகவில்லை.

தாள் பலகையில் இருந்த ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நீலத் தொப்பி போட்ட ஒருவர் அதை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். படம் எடுக்கிறாரே என்று எனக்குப் பெருமை. "அது என் கையெழுத்து சார்," என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்படியா? நீயே போய்ப் பாத்தியா இந்த இடத்த?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். தூரமா என்றார். மழை இல்லையென்றால் கேட்டிலிருந்து இரண்டு மணி நேரம், ஓடையிலேயே நடந்தால் வழி தவறாது என்று சொன்னேன். அவர் எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். தின்றேன் அக்கா.

அவர்தானா என்று எனக்குத் தெரியாது. வேறு யாரோவாகவும் இருக்கலாம்.

நீங்கள் ஒன்று செய்ய முடியுமா? காய்ச்சலில் நீங்களே சரியான இடத்தை எழுதிவிட்டதாகச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வேலை போகாது. நீங்கள் படித்தவர். படித்தவர்கள் தப்பு செய்தால் கவனக்குறைவு என்றுதான் சொல்வார்கள்.

எழுதிய பிறகு இதைப் படித்தால் எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். நீங்கள்தான் தாளில் எதையும் அடிக்கக் கூடாது, எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள்.

அச்சு

---

ஆகஸ்ட் 1

அச்சு,

நீ கேட்டதைச் செய்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். எனக்கு அது சுலபம், நீ சொன்ன மாதிரி கவனக்குறைவு என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்தத் தாள் எங்கோ இருக்கிறது. நாளைக்கு யாராவது அதை மேசை மேல் வைத்தால், அது என் கோழிக்கிறுக்கல் இல்லை என்று குருடருக்கும் தெரியும். அப்போது உன் அப்பாவும் பொய்யர் ஆவார், நானும் ஆவேன், நீ மறைக்கப்பட்ட குற்றவாளி ஆவாய்.

நீலத் தொப்பி ஆளைப் பற்றி: பாஸ் புத்தகத்தில் அந்த வாரம் வந்தவர்களின் பெயர் இருக்கும், சாவடியில் வண்டி எண் இருக்கும். உன்னைத் தவிர வேறு யாரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. உன் அப்பா சொன்னதாகவே எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் வரை அந்தப் புத்தகத்தை யாரும் புரட்டப் போவதில்லை. இதை யோசித்துப் பார். இருபத்து மூன்றில் ஒன்றிரண்டாவது எங்கேயாவது கண்ணாடித் தொட்டியில் உயிரோடு இருக்கலாம்.

வாக்குமூலத்தை மாற்றி எழுதிவிட்டேன். என் வேண்டுகோளின்படி, என் பொறுப்பில், ஒரு பள்ளி மாணவி நகல் எடுத்தாள் என்றும், இடத்தை மாற்றி எழுதும் வழக்கத்தை அவளிடம் நான் சொல்லத் தவறினேன் என்றும் இருக்கிறது. காவலர் மேல் நான் வைத்த குற்றச்சாட்டு ஆதாரம் இல்லாதது என்றும் இருக்கிறது. கெடு தாண்டிவிட்டது, தபாலில் போடவில்லை. ஆறாம் தேதி காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். ஒன்பதரைக்கு இறங்குவேன்.

அதுவரை உனக்கு நேரம் இருக்கிறது. உன் அப்பா இதை ஒரு கோப்பிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது அச்சு. உன் வாயால் கேட்க வேண்டும். நானும் அவர் முகத்தைப் பார்த்து ஒன்று சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு தலைப்பிரட்டை இருக்கிறது. நேற்று அதற்குப் பின்கால் வந்திருந்தது. பாட்டிலில்தான் வைத்திருக்கிறேன், தொட்டிக்கு மாற்றினால் மூலையில் போய் ஒளிந்துகொள்கிறது. மூடவில்லை.

தவளைக்கார அக்கா

---

ஆகஸ்ட் 5, இரவு

அக்கா,

இதைத் தபாலில் போட நேரம் இல்லை. நாளைக்கு பஸ் நிறுத்தத்தில் உங்கள் கையில் கொடுப்பேன். வாயால் சொல்ல வராவிட்டால் இதையாவது படித்துக்கொள்வீர்கள். அப்போதும் யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுத வந்தேன். பழக்கதோஷம். இனி காட்டினாலும் பரவாயில்லை.

மூன்று நாளும் சொல்லவில்லை. பேச்சை ஆரம்பிப்பேன், பென்சில் சீவுவதில் போய் முடியும்.

இன்று சாயங்காலம் அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஒவ்வோர் எழுத்தையும் நட்டு வைப்பது போல எழுதுவார். கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டியிருந்தார். ஜூன் மாதத்திலிருந்து அப்படித்தான் கட்டிக்கொள்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. வழக்கம்போல, "குடுங்கப்பா, நான் எழுதித் தரேன்," என்று கை நீட்டினேன். தாளைக் கையால் மறைத்துக்கொண்டார். நீங்கள் அந்த வரியை மறைத்தீர்களே, அதே மாதிரி.

"வேணாம்மா. இத நானே எழுதணும்."

"புரியாதுப்பா உங்க எழுத்து."

"புரியுற அளவுக்குப் புரிஞ்சாப் போதும். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா முடிஞ்சிரும். நீ போய் வீட்டுப்பாடத்தப் பாரு."

அம்மா அடுப்படியிலிருந்து, "பெரிய கலெக்டர், யார் கையும் படக் கூடாது," என்றாள். அவர் என்ன எழுதுகிறார் என்று அவளுக்கும் தெரியவில்லை.

எட்டு மணிக்கு அம்மா நாளைக்குப் போட வேண்டிய சீருடைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னாள். பையில் அடையாள அட்டை உறை இருந்தது. சூடு பட்டால் உருகிவிடும் என்று வெளியே எடுத்தேன். அட்டைக்குப் பின்னால் மடித்த தாள் ஒன்று தடிப்பாக இருந்தது.

என் தாள் அக்கா. நாலு மூலையிலும் ஊசித் துளை. இரண்டு பாறை, நிழல் தீட்டிய பாறை. மழையில் கொஞ்சம் நனைந்திருக்கிறது, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. திறந்து திறந்து பார்த்தால்தான் மடிப்பு அப்படிக் கிழியும்.

எனக்கு முன்னால் அப்பா ஓடியிருக்கிறார். மரத்தடியிலிருந்து நேராக அந்தப் பலகைக்குத்தான் போயிருக்கிறார். அன்றைக்கு அவர் இருட்டின பிறகு சேறும் பாசியுமாக வீட்டுக்கு வந்தார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். தலைமாட்டில் வந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "வீட்டுப்பாடம் முடிச்சியா," என்று கேட்டார். முடித்துவிட்டேன் என்றேன். போய்விட்டார். அந்த நேரத்தில் இந்தத் தாள் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. இரண்டு மாதம். நீங்கள் அவரைக் குற்றம் சொன்னதை நினைத்துக்கொண்டு, ஜீப் டிரைவர் தவளை வியாபாரி என்று கூப்பிடக் கேட்டுக்கொண்டு, என் கையெழுத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறார்.

அவர் எழுதிய தாளையும் பார்த்துவிட்டேன். பார்க்கக் கூடாதுதான். மரம் இருக்கும் இடத்தை நானே கவனமில்லாமல் வெளியாட்களிடம் பேசிவிட்டேன், வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை என்று எழுதியிருக்கிறார். "வேறு யாருக்கும்" என்பதன் கீழே கோடு. "சம்பந்தம்" என்ற சொல்லில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. என் கை திருத்தப் போனது அக்கா. பேனா மூடியைக் கூடக் கழற்றிவிட்டேன். அப்புறம் கையை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு தாளையும் இங்கே கொண்டுவந்துவிட்டேன். பலகையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு மையும் ஒரே கறுப்பாகத் தெரிகிறது.

இதை எழுதி முடித்ததும் போய்ச் சொல்லப் போகிறேன். நீலத் தொப்பி ஆளின் முகத்தையும் சொல்வேன். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது, இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. போகிறேன் போகிறேன் என்று இந்தப் பக்கமும் நிரம்பிவிட்டது. இந்த வரியோடு நிறுத்திவிட்டுப் போகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தத் தலைப்பிரட்டைக்கு முன்கால் வந்துவிட்டதா? வளர்ந்து பெரிதானால், பதில் தட்ட ஒருவரும் இல்லாத இடத்திலும் அது தட்டுமா? அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் அவர் காட்டிலிருந்து வந்தால் வாசல் நிலையில் விரல் மடக்கித் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார், இரண்டு, அப்புறம் ஒன்று. நானும் உள்ளேயிருந்து தட்டுவேன். "வந்துட்டாரு ஆண் தவளை," என்பாள் அம்மா. ஜூன் 8க்குப் பிறகு ஒரு தடவை கூட

அக்கா, சாமான் அறைக் கதவு. இரண்டு. இடைவெளி. ஒன்று.

டார்ச்சை அணைக்கவில்லை. தாள் இரண்டும் என் கையில்தான் இரு